சைக்கிள் எண்ண வந்தவர்

என் கணவருக்கு வலது காது கேட்காது. அறுபதுகளில், பம்பாயில், இது எங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த விஷயமாக இருந்தது.

கல்யாணமான புதிதில் அவர் துறைமுகத்தில் துரு தட்டுகிற வேலை பார்த்தார். கப்பலின் இரும்பு வயிற்றுக்குள் உட்கார்ந்து நாள் முழுக்கச் சுத்தியலால் தட்ட வேண்டும். நாலு வருஷத்தில் வலது காது போய்விட்டது. இடது காது எப்படித் தப்பியது என்று அவருக்கே தெரியாது. அதன் பிறகு செம்பூருக்கு அந்தப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் நிரந்தர வேலை கிடைத்தது. அங்கே ஆபத்துச் சங்கு ஊதினால் எல்லோரும் வெளியே ஓட வேண்டும் என்பதால், காதில் குறை உள்ளவர்களை வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஒற்றைக் காதிலேயே சங்கு நன்றாகக் கேட்கும் என்று யாரிடம் போய் வாதாடுவது? மறைத்துவிட்டோம்.

ஒற்றைக் காதுக்காரர்களைப் பற்றிப் பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு. அவர்களுக்குச் சத்தம் கேட்கும். எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றுதான் தெரியாது. பின்னால் ஹாரன் அடித்தால் என் கணவர் முன்னால் பார்ப்பார். நான் அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் வாசலைப் பார்ப்பார். வீட்டுக்குள் அது எனக்குச் சிரிப்பாக இருக்கும். ரோட்டில் சிரிக்க முடியாது.

நாங்கள் தாராவியில் குடியிருந்தோம். நான் செம்பூரில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயா. காலையில் இருவரும் ஒரே சைக்கிளில் கிளம்புவோம். அவர் மிதிப்பார், நான் கேரியரில் ஒரு பக்கமாகக் கால் போட்டு உட்கார்ந்திருப்பேன். டபுள்ஸ் போவது குற்றம், போலீஸ் ஹவால்தார் பார்த்தால் சக்கரத்தில் காற்றைப் பிடுங்கிவிட்டு வால்வையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஆனாலும் நான் ஏறித்தான் ஆக வேண்டும். என் இடது கை கேரியரைப் பிடித்திருக்கும், வலது கை அவருடைய வலது தோளில் இருக்கும். பின்னால் லாரியோ பஸ்ஸோ வந்தால் ஒரு தட்டு. தட்டிய மாத்திரத்தில் இடப்பக்கம் ஒதுங்கிவிடுவார். யோசிக்கவே மாட்டார். இப்படி சயான் வரைக்கும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போவோம்.

சயான் தாண்டினால் கவலை இல்லை. அங்கிருந்து செம்பூர் போகும் பெரிய ரோட்டின் ஓரத்தில் சைக்கிளுக்கென்றே தனியாக ஒரு பாதை இருந்தது. இரண்டு சைக்கிள் பக்கத்தில் பக்கத்தில் போகிற அகலம். ரோட்டுக்கும் அதற்கும் நடுவே முழங்கால் உயரத்துக்குக் கருங்கல் வரிசை. அந்தப் பாதையில் ஏறியதும் நான் கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வேன். சில நாள் அவர் முதுகில் சாய்ந்து தூங்கிக்கூட இருக்கிறேன். ஆஸ்பத்திரி வாசலில் என்னை இறக்கிவிட்டு அவர் அதே பாதையில் தனியாகத் தொழிற்சாலை வரை போவார். நான் இறங்கிய பிறகு என் கை செய்த வேலையை அந்தக் கல்வரிசை செய்தது.

ஒரு திங்கட்கிழமை அந்தக் கற்களின் மேல் சுண்ணாம்புக் கோடு இழுத்திருந்தார்கள். கோட்டுக்குப் பக்கத்தில் இங்கிலீஷ் எழுத்துகளும் எண்களும் இருந்தன. ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். புதுக்கல் பதிக்கப் போகிறார்கள் என்றார்கள், விளக்கு போடப் போகிறார்கள் என்றார்கள். விவரத்தைக் கண்டுபிடித்தவர் எங்கள் தெருமுனையில் வாடகைச் சைக்கிள் கடை வைத்திருந்த அண்ணாச்சி. அவர் எங்கள் ஊர்ப் பக்கம்தான். கடை ஆரம்பித்து ஏழெட்டு வருஷத்தில் ஹிந்தியும் மராட்டியும் தண்ணி பட்ட பாடாகப் பேசுவார். யாரிடம் டீ வாங்கிக் கொடுத்தால் என்ன செய்தி கிடைக்கும் என்று அவருக்குத் தெரியும்.

“கல்லையெல்லாம் பேத்து எடுக்கப் போறானுவ. லாரி போக ரோடு பத்தலயாம். நம்ம பாதையையும் ரோட்டோட சேத்துருவானுவ” என்றார்.

“அப்பம் சைக்கிளு?” என்று கேட்டேன்.

“லாரிக்கு ஊடால போ. இல்லன்னா போவாத.”

அன்று சாயங்காலம் என் கணவரிடம் கேட்டேன், பாதை போய்விட்டால் என்ன செய்வீர்கள் என்று. பஸ்ஸில் போவேன் என்றார். முதல் பஸ் அவரைக் கொண்டு இறக்கும்போது தொழிற்சாலைக் கேட் சாத்தியிருக்கும், அது அவருக்கும் தெரியும். ரயிலில் போனால் இறங்கி ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். டாங்கர் லாரிகளுக்கு நடுவே, எந்தப் பக்கம் ஹாரன் என்று தெரியாமல், தோளில் கை இல்லாமல் அவர் தனியாகப் போவதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணாச்சி கடையில் மனு தயாரானது. மாதுங்காவில் ஒருவரிடம் கொடுத்து இங்கிலீஷில் டைப் அடித்து வாங்கிவந்தார். கடைப் பலகையில் மனுவை விரித்து, மைப்பெட்டியை வைத்து, வேலை முடிந்து வருகிறவர்களை எல்லாம் நிறுத்தினார். தோல் பதனிடுகிறவர்கள், ஆலைக்காரர்கள், செம்பூர் காலனிகளில் பால் ஊற்றுகிறவர்கள், எல்லோரும் வந்தார்கள். கையெழுத்தைவிடப் பெருவிரல் ரேகைதான் அதிகம். தாள் தாளாக ஒட்டி, கடைசியில் மனு ஒரு ஆள் நீளத்துக்கு வந்தது. எங்களுக்கெல்லாம் பெருமை தாங்கவில்லை. இவ்வளவு ரேகையைப் பார்த்தும் முனிசிபாலிட்டி கல்லைப் பிடுங்குமா என்று பேசிக்கொண்டோம்.

மனு போய் இரண்டு வாரம் இருக்கும். மார்கழி மாதம், விடிந்தும் விடியாத நேரம். சயான் வளைவில் பாதைக்கு ஏறுகிற இடத்தில் ஒரு ஆள் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருந்தார். காக்கித் தொப்பி, மடியில் நோட்டு, காதில் பென்சில். பக்கத்தில் ஒரு ஹவால்தார் நின்று அவரோடு டீ குடித்துக்கொண்டிருந்தார். தூரத்திலேயே நான் பார்த்துவிட்டேன். கணவரின் முதுகில் குத்தி நிறுத்தச் சொல்லிக் குதித்து இறங்கினேன்.

எங்கள் ஆட்களின் சைக்கிளைப் பற்றிச் சொன்னால்தான் இது புரியும். அப்போது சைக்கிளுக்கு வரி கட்டி முனிசிபாலிட்டி பில்லை வாங்கி முன்னால் மாட்ட வேண்டும். பாதிப் பேரிடம் பில்லை கிடையாது. இருக்கிற பில்லையும் போன வருஷத்தது. இருட்டில் போனால் விளக்கு வேண்டும், அதுவும் கிடையாது. விளக்கு இருந்தால் கேரியரில் பெண்டாட்டியோ தம்பியோ உட்கார்ந்திருப்பார்கள். காக்கித் தொப்பியும் நோட்டும் சேர்ந்து உட்கார்ந்திருந்தால் எங்களுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான்.

அவரைத் தண்டவாள ஓரமாகப் போகச் சொல்லிவிட்டு நான் வந்த வழியே திரும்பி நடந்தேன். எதிரே வந்த ஒவ்வொரு சைக்கிளையும் நிறுத்தினேன். “பில்லை செக்கிங் நடக்கு. ஹவால்தாரும் நிக்கான், நோட்டுப் போட்டு எழுதுதான். அந்தப் பக்கம் போவாதீங்க, ரயில் ஓரமா சூனாபட்டி வழியாப் போங்க.” எனக்கு அப்போது தொண்டை நன்றாக இருந்தது. என்னிடம் கேட்டவர்கள் பின்னால் வந்தவர்களிடம் சொன்னார்கள். சைக்கிள்கள் எல்லாம் வளைவுக்கு முன்னாலேயே திரும்பி, தண்டவாள ஓரத்துச் சேற்று வழியில் வரிசையாகப் போயின. மறுநாளும் அந்த ஆள் இருந்தார், நானும் போய் நின்றேன். மூன்றாம் நாளும் அப்படியே. மூன்று நாள் நான்தான் தாராவிக்குத் தலைவி. வழியில் பார்க்கிறவர்கள் எல்லாம், “மைனி, நல்லவேளை சொன்னிய” என்றார்கள். என் கணவர்கூடச் சிரித்தார். நான் கூச்சமில்லாமல் அந்தப் புகழை வாங்கிக்கொண்டேன்.

அடுத்த வாரம் மனுவுக்குப் பதில் வந்தது. அண்ணாச்சி கடை வாசலில் நின்று ஒரு கல்லூரி மாணவனை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டார். அங்கே கூடி நின்றவர்களில் நானும் ஒருத்தி. சைக்கிள் பாதையை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று முனிசிபாலிட்டி ஆள் போட்டு எண்ணிப் பார்த்ததாம். சயான் வளைவில், இன்ன தேதிகளில், மூன்று காலை. வந்த சைக்கிள்களை விரல் விட்டு எண்ணிவிடலாமாம். ஆகவே பாதை தேவையில்லை என்று முடிவாம். வேண்டுமானால் வார்டு ஆபீஸில் வந்து எஞ்சினியரிடம் நேரில் சொல்லலாம் என்று கடைசியில் ஒரு வரி.

அண்ணாச்சி கொதித்தார். “சுத்தப் பொய்யி. ஆபீஸ்ல உக்காந்துகிட்டு எழுதியிருக்கான், சவம்.” எல்லோரும் கூச்சல் போட்டார்கள். மூன்று நாள் சேற்று வழியில் போனது ஒருவருக்கும் நினைவு வரவில்லை. சுற்றிப் போனவர்களுக்கு அது ஒரு சின்ன விஷயம், மறந்துபோயிற்று. எனக்கு மட்டும் அந்தத் தேதிகள் நினைவிருந்தன. அந்த ஆள் பில்லை பார்க்க வரவில்லை. எங்களை எண்ண வந்தார். எண்ண வந்தவரிடமிருந்து ஊரையே விரட்டி ஒளித்துவைத்தவள் நான்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் மட்டும் சொன்னேன்.

“அண்ணாச்சிட்டச் சொல்லட்டா?” என்று கேட்டேன்.

“வேண்டாம். வார்டு ஆபீஸ்ல அவரு பேசட்டும். ஏட்டி, ஒண்ணு மட்டும். என் காது விஷயம் அங்க வாயில வரப்படாது.”

“நான் என்ன கிறுக்கியா?”

வார்டு ஆபீஸுக்கு நாங்கள் மூன்று பேர் போனோம். அண்ணாச்சி, என் கணவர், நான். எனக்கும் அவருக்கும் அரை நாள் லீவு. எஞ்சினியர் ஒரு மராட்டிக்காரர், மரியாதையான மனிதர், மிகவும் மெதுவாகப் பேசினார். அவருக்குப் பக்கத்து நாற்காலியில் இன்னொருவர் இருந்தார். மாதுங்காத் தமிழர், வெள்ளை முழுக்கைச் சட்டை. என் கணவரின் தொழிற்சாலையில் லாரிகளுக்குப் பொறுப்பான அதிகாரி என்று எஞ்சினியர் சொன்னார். ரோட்டை அகலப்படுத்தக் கேட்டவர்களில் அந்தத் தொழிற்சாலையும் ஒன்று. அவர் என் கணவரைப் பார்த்து, “நீங்க நம்ம கம்பெனிதானே? எந்த டிபார்ட்மென்ட்?” என்று கேட்டார். நேர் எதிரே நின்றிருந்ததால் அது காதில் விழுந்து, இவர் பதில் சொல்லிவிட்டார்.

பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் என் புத்தியை நொந்துகொண்டேன். மேஜை எங்கள் வலது பக்கம் இருந்தது. இடது பக்கம் ஜன்னலடியில் ஒருவர் டைப்ரைட்டரில் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி முந்திக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்துவிட்டார். என் கணவர் நடுவில், நான் அவருக்கு வலது பக்கம் சற்றுப் பின்னால் ஸ்டூலில். அவருடைய கேட்காத காது எஞ்சினியரைப் பார்த்திருந்தது, கேட்கிற காது டைப்ரைட்டரைப் பார்த்திருந்தது. இடம் மாறச் சொல்ல ஒரு காரணம் தோன்றவில்லை.

எஞ்சினியர் எங்கள் மனுவை மேஜையில் ஒரு பக்கம் விரித்தார். எண்ணிய தாளை இன்னொரு பக்கம் வைத்தார். இதில் இத்தனை பெருவிரல் இருக்கிறது, இதில் சைக்கிளே இல்லை, இரண்டில் எது பொய் என்று ஹிந்தியில் கேட்டார். அண்ணாச்சி எண்ணிய தாள்தான் பொய் என்றார். என் ஆள் மூன்று நாள் குளிரில் உட்கார்ந்திருந்தான், ஹவால்தார் சாட்சி என்றார் எஞ்சினியர். பெருவிரலை யார் வேண்டுமானாலும் எத்தனை தடவை வேண்டுமானாலும் பதிக்கலாம் என்றும் சொன்னார். அண்ணாச்சியின் முகம் சுருங்கிப்போயிற்று. மழை நாளில் வாடகைச் சைக்கிளுக்குப் பாதி வாடகை மட்டும் வாங்குகிற மனிதர், பொய் ரேகை வைத்ததாகப் பேர் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் என் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தேன்.

அப்போது எஞ்சினியர் சொன்னார், அப்படியே சைக்கிள்கள் வந்தாலும் என்ன, லாரிக்கு ஹாரன் இருக்கிறது, அடித்தால் ஒதுங்கிக்கொள்ளட்டும், உங்கள் ஆட்களுக்குக் காது இல்லையா என்று. விளையாட்டாகத்தான் சொன்னார். மாதுங்காக்காரர் சிரித்தார். நான் என் கணவரின் பக்கம் திரும்பவே இல்லை.

“தும் போலோ” என்றார் எஞ்சினியர் என் கணவரிடம். நீ சொல், ஹாரன் அடித்தால் உனக்கு ஒதுங்கத் தெரியாதா?

என் கணவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்கவில்லை. எஞ்சினியர் இரண்டாம் தடவை கேட்டார். டைப்ரைட்டர் அடித்துக்கொண்டே இருந்தது. மாதுங்காக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார். நான் யோசிக்காமல் கையை நீட்டி அவருடைய வலது தோளில் ஒரு தட்டு தட்டினேன்.

அவர் சட்டென்று இடப்பக்கம் ஒதுங்கினார். இடித்த வேகத்தில் அண்ணாச்சி பெஞ்சிலிருந்து கீழே விழப் பார்த்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். எஞ்சினியர் வாய்விட்டுச் சிரித்தார். மாதுங்காக்காரர் சிரிக்கவில்லை. முதலில் என் கையைப் பார்த்தார், பிறகு என் கணவரின் காதைப் பார்த்தார்.

இன்னொரு கேள்வி வந்தால் எல்லாம் முடிந்துவிடும் என்று எனக்குத் தெரிந்தது. நான் எழுந்து நின்றேன். எனக்கு ஆஸ்பத்திரியில் பழகிய ஹிந்திதான் வரும், அதிலேயே சொன்னேன். சாப், உங்கள் ஆளும் பொய் சொல்லவில்லை, எங்கள் ரேகையும் பொய் இல்லை. அந்த மூன்று நாளும் எல்லாச் சைக்கிளையும் திருப்பிவிட்டது நான். பில்லை பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். நாங்கள் டபுள்ஸ் போகிறவர்கள். எங்களில் நிறையப் பேரிடம் பில்லை இல்லை, விளக்கு இல்லை. ஓடச் சொன்னேன், ஓடினார்கள்.

பேசியதில் பாதி உண்மைக்காக, பாதி அவருடைய காதை மறைப்பதற்காக. எது எவ்வளவு என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. அண்ணாச்சி என்னை வாயைப் பிளந்து பார்த்தார். எஞ்சினியர் சிரிப்பை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். ஒருவரிடமும் பில்லை இல்லையா என்று கேட்டார். சிலரிடம் உண்டு என்றேன். ஏதோ எழுதினார். பிறகு சொன்னார், வருகிற செவ்வாய்க்கிழமை ஒரே ஒரு காலை, ஆறு முதல் எட்டு வரை, அதே இடம், அதே ஆள். நானும் வருவேன். ஹவால்தாரும் இருப்பார், அவர் வேலையை அவர் செய்வார். வருகிறவர்கள் வரட்டும்.

வெளியே வராந்தாவில் மாதுங்காக்காரர் என் பக்கத்தில் வந்தார். என் கணவர் அவருக்கு இடப்பக்கம், இரண்டடி முன்னால், கேட்காத காது எங்கள் பக்கமாக நடந்துகொண்டிருந்தார்.

“என்னம்மா, நம்ம கம்பெனியில வருஷா வருஷம் மெடிக்கல் உண்டு, தெரியுமோல்லியோ?”

“தெரியும் சார்.”

“காதுகூடப் பாப்பா” என்று சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

“அந்த ஆளு என்ன கேட்டாரு?” என்றார் என் கணவர், தெருவுக்கு வந்ததும்.

“ஒண்ணுமில்ல. நமக்கு எந்த ஊருன்னு கேட்டாரு.”

அவரிடம் அதுவரை நான் பொய் சொன்னதில்லை.

தாராவியில் செய்தி எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது. அண்ணாச்சி கோபப்படவில்லை, அதுதான் எனக்கு வலித்தது. “தங்கச்சி, நீ நல்லதுக்குத்தான் சொன்ன. ஆனா ஊரு மொத்தத்தையும் காட்டிக் குடுத்துட்டியே” என்றார். தெருவில் முகம் கொடுத்துப் பேச ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயில் ஆராதனை முடிந்து வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன், செவ்வாய்க்கிழமை வாருங்கள் என்று. வேதப்புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஒதுங்கி ஒதுங்கிப் போனார்கள். எங்கள் வரிசையில் மூன்றாம் வீட்டுக்காரி மட்டும் நின்றாள். அவள் கணவரும் சைக்கிளில் போகிறவர்தான்.

“அன்னைக்கு ஓடுங்கன்னே, ஓடினோம். இன்னைக்கு வாங்கன்னு சொல்லுத. ஹவால்தார் சைக்கிளப் பிடுங்கிட்டுப் போனா எங்க வீட்டுக்காரரை உன் புருசன் தூக்கிட்டுப் போவாரா?”

“பிடுங்கினா சைக்கிளுதான் போவும். பாதை போயிட்டா ஆளு போயிரும்” என்றேன். என் குரல் ஏறிவிட்டது.

“உன் ஆளு மட்டும் என்ன விசேஷம்? எல்லாருக்கும் ஒரே லாரிதான்.”

என்ன விசேஷம் என்று சொல்ல நாக்கு துடித்தது. அவள் கணவரும் அதே தொழிற்சாலை. வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்து பாத்திரங்களை மோதி மோதி வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்குத் தெரு வழக்கம்போல இருந்தது. குழாயடியில் பெண்கள் வரிசை, கதவோரத்தில் சாத்திவைத்த சைக்கிள்கள். ஒருவரும் எங்களைக் கண்டுகொள்ளவில்லை. அண்ணாச்சி கடையில் ஒரு பலகைதான் திறந்திருந்தது.

“ஏட்டி, நீ இன்னைக்கு ரயில்ல வா. டபுள்ஸ் போனா மொதல்ல நம்மளத்தான் பிடிப்பான்” என்றார் கணவர்.

“ஓடச் சொன்னவ நான். நான் போவாம யாரு போவா?” என்று ஏறி உட்கார்ந்தேன். பிடிக்கட்டும் என்றுதான் இருந்தது எனக்கு. யாராவது முதலில் பிடிபட்டால்தான் அந்தப் பாதையில் சைக்கிள் வருகிறது என்பதாவது எழுத்தில் ஏறும்.

சயான் வரை ஆறு தட்டோ ஏழு தட்டோ தட்டியிருப்பேன். வளைவில் அதே பெஞ்சு, அதே காக்கித் தொப்பி, மடியில் நோட்டு. எஞ்சினியர் கம்பளி மப்ளர் சுற்றிக்கொண்டு நின்றிருந்தார். ஹவால்தார் எங்களைப் பார்த்ததும் கம்பை உயர்த்தி ரோட்டுக்கு நடுவே ஓரடி வைத்தார். என் கணவர் பிரேக்கைப் பிடித்தார். எஞ்சினியர் ஹவால்தாரிடம் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று எனக்கும் கேட்கவில்லை. கம்பு கீழே இறங்கியது. எங்களைத் தாண்டும்போது அந்த ஆளின் நோட்டைப் பார்த்தேன். வெறும் பக்கம். பென்சிலால் ஒரு கோடு போட்டார். எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரு கோடு.

பாதையில் ஏறினோம். எங்களுக்கு முன்னால் ஒரு சைக்கிளும் இல்லை. கல்வரிசையின் மேல் சுண்ணாம்புக் கோடு அரை இருட்டிலும் நன்றாகத் தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது. அவர் முதுகில் முகத்தை வைத்துக்கொள்ளக் கூச்சமாக இருந்தது.

பின்னால் ஒரு மணி அடித்தது. நான் திரும்பிப் பார்த்தேன். வளைவில் அண்ணாச்சி வந்துகொண்டிருந்தார். அவர் சைக்கிள் ஓட்டி நான் அன்றுவரை பார்த்ததில்லை. மடித்துக் கட்டிய வேட்டியோடு, தன் கடை வாடகைச் சைக்கிளில், விளக்கில்லாமல், ஹவால்தாரைப் பார்த்தபடியே மணியை அடித்துக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் பால்காரர்கள், அவர்களுக்குப் பின்னால் தோல் ஷெட்டுக்காரர்கள். பில்லை உள்ளவர்கள், இல்லாதவர்கள், டபுள்ஸ். எல்லோருமே அந்த ஆளைத் தாண்டும்போது மணியடித்தார்கள், எண்ணத் தவறிவிடக் கூடாது என்று. மூன்றாம் வீட்டுக்காரி தன் கணவரின் கேரியரில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அந்தப் பக்கம் ஒரு வேலையும் கிடையாது. என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வளைவில் சைக்கிள் வந்துகொண்டே இருந்தது. காக்கித் தொப்பிக்காரர் எழுந்து நின்று எழுதிக்கொண்டிருந்தார்.

அந்தக் கற்களைப் பிடுங்கப் போவதில்லை என்று கடிதம் வர ஒரு மாதம் ஆயிற்று. அந்த வருஷமும் அடுத்த வருஷமும் தொழிற்சாலையில் மெடிக்கல் நடந்தது. கண்ணைப் பார்த்தார்கள், நெஞ்சைப் பார்த்தார்கள். என் கணவரின் காதை யாரும் பார்க்கவில்லை. மாதுங்காக்காரர் வராந்தாவில் சொன்னது மிரட்டலா, முன்கூட்டிச் சொன்ன எச்சரிக்கையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அன்று காலையில் இதெல்லாம் யாருக்குத் தெரியும். என் கணவர் தலையை இடமும் வலமும் திருப்பினார். முன்னால் பார்த்தார். வெறும் பாதை.

“ஏட்டி, மணி கேக்கு. எங்கன இருந்து வருது?”

“பின்னால” என்று அவருடைய இடது காதில் சொன்னேன்.

“எத்தன பேரு?”

எண்ண ஆரம்பித்தேன், விட்டுவிட்டேன். என் வலது கை அவருடைய தோளில் இருந்தது. நான் தட்டவில்லை. அவர் ஒதுங்கவில்லை.